ரத்தத்தை அறிந்து இதயத்தைத் தொடு

1952-ஆம் ஆண்டில் உலகின் இரு கோடிகளில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். அங்கே பலருடைய சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறைந்ததும் அரிவாளாக வளைவதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கே உரியது என்று அதுவரை பலரும் நம்பிய ஒரு பரம்பரைக் குறை, தென்னிந்திய மலைக்காட்டிலும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது என்று உலகம் அறிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்ற அறுவை மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிர்வித்தார். சில நிமிடங்கள் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதயத்தைத் திறந்து, மேலறைச் சுவரிலிருந்த ஓட்டையைக் கண்ணால் பார்த்தபடியே தைத்து மூடினார். திறந்த இதய அறுவையின் வரலாறு அந்த வெற்றியிலிருந்துதான் எழுதப்படுகிறது.

நீலகிரியில் கண்டறியப்பட்ட ரத்தமும் மினசோட்டாவில் கண்டறியப்பட்ட சிகிச்சையும் ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? லூயிஸ் நம்பியது குளிரையும் ஓட்டத்தின் நிறுத்தத்தையும். லேமனும் கட்புஷும் கண்ட ரத்தத்துக்கு ஆகாதவையும் ஏறக்குறைய அவையே.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. அரிவாள் செல் நோய், தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற பரம்பரை ரத்தக் குறைகளோடு பிறக்கும் குழந்தைகளும் நம் நாட்டில் ஏராளம். இரண்டும் ஒருவருக்கே வாய்ப்பது அரிது என்றாலும், இவ்வளவு பெரிய மக்கள்தொகையில் அரிதானதும் அடிக்கடி நடக்கும். அந்தக் குழந்தைகளை இதய மருத்துவர், ரத்தவியல் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், ரத்த வங்கி அலுவலர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தால்தான் காப்பாற்ற முடியும்.

இயந்திரம் ரத்தத்திடம் எதிர்பார்ப்பது

1953 மே 6-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், தாம் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தில் 18 வயதுப் பெண் ஒருவரை இணைத்தார். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் உயிர் முழுக்க முழுக்க இயந்திரத்தைச் சார்ந்திருந்தது. இதயத்திலிருந்த ஓட்டை மூடப்பட்டது, அவர் பிழைத்தார். இன்று உலகெங்கும் பச்சிளங்குழந்தைகளுக்குக்கூட நடக்கும் இதய அறுவைகள் அந்த 26 நிமிடங்களின் தொடர்ச்சி.

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதயத்துக்குத் திரும்பும் அசுத்த ரத்தத்தைக் குழாய்கள் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, அழுத்தம் கொடுத்து மகாதமனிக்குள் திருப்பி அனுப்புகிறது. பிளாஸ்டிக்கைத் தொட்டதும் ரத்தம் உறையத் தொடங்கும் என்பதால் முன்கூட்டியே ஹெப்பரின் கொடுக்க வேண்டும். உறுப்புகளின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்க, அறுவையைப் பொறுத்து உடலை 32 அல்லது 28 பாகை செல்சியஸ் வரை குளிர்விப்பார்கள். மிகச் சிக்கலான அறுவைகளில் 18 பாகைக்கும் இறக்கி, ஓட்டத்தையே முழுதாக நிறுத்துவதும் உண்டு. மகாதமனிக்குக் கவ்வி போட்டு, பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத் துடிப்பை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் நுரையீரலில் ரத்தம் பெரும்பாலும் தேங்கி நிற்கும்.

சாதாரண ரத்தம் குளிர், தேக்கம், உராய்வு, அமிலத்தன்மையின் ஏற்ற இறக்கம், நீர்த்துப் போதல் ஆகிய எல்லாவற்றையும் சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும். அறுவை முறைகள் அனைத்தும் அந்தத் தாங்கும் திறனை நம்பியே வகுக்கப்பட்டவை. பரம்பரை ரத்தக் குறையுள்ள குழந்தையிடம் அந்த நம்பிக்கையை ஒவ்வொரு படியிலும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

ஒரே ஓர் எழுத்து மாறினால்

1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரனடா தீவிலிருந்து வந்திருந்த பல் மருத்துவ மாணவர் ஒருவரின் ரத்தத்தில் நீண்டு வளைந்த சிவப்பணுக்களைக் கண்டு பதிவு செய்தார். 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று நிறுவினார்கள். பிறகு வெர்னன் இங்கிராம் அதைத் துல்லியமாக்கினார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் இருக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. மாறிய ஹீமோகுளோபினுக்கு ஹீமோகுளோபின் எஸ் என்று பெயர்.

ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் வரை ஹீமோகுளோபின் எஸ் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் அதன் வடிவம் சற்று மாறி, வாலின் இருக்கும் பகுதி பக்கத்து மூலக்கூறின் குழியில் போய் ஒட்டுகிறது. ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, அணுவை உள்ளிருந்து விறைக்க வைக்கின்றன. விறைத்த அணு நுண்குழாய்களில் வளைந்து நுழைய முடியாமல் அடைத்துக்கொள்கிறது. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இந்த அணுக்கள் பத்திருபது நாளில் சிதைந்து விடும்.

இழை உருவாவதற்கு முன் சிறு தாமதம் உண்டு என்பதை வில்லியம் ஈட்டன், ஜேம்ஸ் ஹோஃப்ரிக்டர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. நுண்குழாயை அணு கடக்கும் நேரம் ஓரிரு நொடிகள்தான். தாமதம் அதைவிட நீளமாக இருந்தால், இழை பின்னுவதற்குள் அணு நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனைப் பெற்றுவிடும். ஆனால் அந்தத் தாமதம் அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் செறிவைப் பொறுத்து மிகக் கடுமையாக மாறுகிறது. செறிவின் முப்பதாம் படி வரைக்கும் எதிர்விகிதத்தில் மாறும் என்கிறது கணக்கு. செறிவு நூற்றுக்குப் பத்து கூடினால், தாமதம் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெல்லப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது புரியும்: வெகுநேரம் நீராகவே கொதித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் நீர் வற்றியதும் கண்மூடித் திறப்பதற்குள் கம்பிப் பதம் வந்துவிடும்.

ஆகவே இந்தக் குழந்தைகளுக்கு நான்கு விஷயங்கள் ஆபத்து: ஆக்சிஜன் குறைவது, ரத்தம் அமிலமாவது, உடலில் நீர் வற்றுவது, ஓட்டம் தயங்குவது. பிறவி இதயக் குறையும் அதற்கான சிகிச்சையும் இந்த நான்கையும் கொண்டுவரக் கூடியவை.

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற குறையோடு பிறந்த ‘நீலக் குழந்தை’யின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதும் குறைவு. மற்றக் குழந்தைகளில் உடல் அதிகச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்து ஈடுகட்டும். அரிவாள் செல் குழந்தையில் அணுக்கள் சீக்கிரம் அழிவதால் ஈடுகட்ட முடியாது. உற்பத்தியாகும் அணுக்களும் குறைந்த ஆக்சிஜனில் வளையக் காத்திருப்பவை. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்கு நுரையீரலில் நீர் கோக்கும். அதை இறக்க ஃபுரூசிமைட் கொடுத்துச் சிறுநீராக வெளியேற்றுவார்கள். இதயத்துக்கு அந்த மருந்து நிம்மதி. ஆனால் சிவப்பணுவுக்கோ நீர் வற்றுவது ஆபத்து. அறுவைக்குப் பிறகும் இதே இழுபறி தொடர்கிறது: இதய மருத்துவம் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லும், ரத்த மருத்துவம் நீர் குறையக் கூடாது என்று சொல்லும். மணிக்கு மணி பார்த்து நடுவழி காண்பதே தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாள்பட்ட ரத்தசோகையால் இதயம் பெரிதாகும், மார்பில் முணுமுணுப்பு ஒலி கேட்கும், குழந்தை சீக்கிரம் களைக்கும். ஓட்டை உள்ள இதயத்தின் அறிகுறிகளும் இவையேதான். அரிவாள் செல் நோய் என்று தெரிந்த குழந்தையிடம் முணுமுணுப்பைக் கேட்டால் ‘ரத்தசோகையால்தான்’ என்று விட்டுவிடத் தோன்றும். ஓட்டை என்று தெரிந்த குழந்தை வெளுத்திருந்தால் ‘இதயம் பலவீனம், எடை ஏறவில்லை’ என்று சமாதானம் ஆகிவிடத் தோன்றும். ஒரு விடை கிடைத்ததும் இரண்டாவதைத் தேடாமல் நிறுத்துவதுதான் இங்கே பெருந்தவறு. முதல் குழந்தைக்கு எக்கோ பரிசோதனையும் இரண்டாவது குழந்தைக்கு ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் வேண்டும்.

எந்த மாதத்தில் அறுவை?

கருவில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி ஹீமோகுளோபின் எஃப் என்ற கருக்கால வகை. அதில் பீட்டா சங்கிலியே கிடையாது, அதனால் ஆறாம் இடப் பிழைக்கும் இடமில்லை. அது எஸ் இழைகள் பின்னுவதையும் தடுக்கிறது. பிறந்த சில வாரங்களுக்கு இந்தக் காப்பு நீடிக்கும். அடுத்த சில மாதங்களில் எஃப் குறைந்து எஸ் அதன் இடத்தைப் பிடிக்கும். நோயின் முதல் அறிகுறிகள் பெரும்பாலும் அரை வயதை ஒட்டித் தலைகாட்டுவது இதனால்தான்.

இதயத்தின் நாள்காட்டி வேறு. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டையோடு பிறந்த குழந்தை முதல் சில வாரங்கள் நன்றாகவே இருக்கலாம். நுரையீரல் குழாய்களின் இறுக்கம் தளரத் தளர, ஓட்டை வழியாக அதிக ரத்தம் நுரையீரலுக்குப் பாய்ந்து, ஆறு எட்டு வாரங்களில் மூச்சுத் திணறல் தொடங்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துவிட விரும்புவார்கள். அதாவது கருக்காலக் காப்பு கரைந்துகொண்டிருக்கும் அதே காலம்.

அவசரமாகப் பிறந்த வாரத்திலேயே திறக்க வேண்டிய இதயங்களில் ஹீமோகுளோபின் எஃப் ஒரு கவசமாக இருக்கிறது. தள்ளிப்போடக் கூடிய ஓட்டைகளுக்கு, எஃப் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்து நாள் குறிக்க வேண்டும். இந்தியாவில் காணப்படும் அரிவாள் செல் மரபு வகையில் எஃப் ஓரளவு உயர்ந்தே நிற்பதுண்டு. பல நோயாளிகளுக்கு நோய் சற்றுத் தணிந்து காணப்படுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் இதய அறுவை என்ற பெருஞ்சோதனையில் அந்தத் தணிவை மட்டும் நம்பி இறங்க முடியாது.

அறுவை அரங்கில்

முதல் பாதுகாப்பு, குழந்தையின் ரத்தத்தில் எஸ் வகையின் பங்கைக் குறைப்பது. பெரிய இதய அறுவைக்கு முன் அதை நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே கொண்டுவருவது பரவலான இலக்கு. ஆழ்ந்த குளிரும் ஓட்ட நிறுத்தமும் தேவைப்படும் அறுவைகளில் இன்னும் கீழே இறக்குவோரும் உண்டு. 1995-இல் எலியட் விசின்ஸ்கி தலைமையிலான அமெரிக்க ஆய்வு, சாதாரண அறுவைகளுக்கு இவ்வளவு தீவிரம் வேண்டியதில்லை என்று காட்டியது. ஹீமோகுளோபின் 10 கிராம் வரும்வரை எளிய முறையில் ரத்தம் ஏற்றினாலே அதே அளவு பாதுகாப்பு கிடைத்தது. ரத்தமேற்றலால் வரும் சிக்கல்களும் பாதியாகக் குறைந்தன. ஆனால் இதயத்தை நிறுத்தி உடலைக் குளிர்விக்கும் அறுவைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

குழந்தை சிறியது என்பது இங்கே ஒரு சாதகம். ஆறு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் கிலோவுக்கு 80 மில்லி வீதம் சுமார் 480 மில்லி ரத்தம்தான் இருக்கும். சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 24 என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சிவப்பணுக்கள் சுமார் 115 மில்லி. அதே அளவு கொடையாளர் சிவப்பணுக்களைச் சேர்த்தால் எஸ் பங்கு உடனே பாதியாகிவிடும். இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப எப்படியும் கொடையாளர் ரத்தம் வேண்டும். அதனால் சில மையங்களில் இயந்திரம் தொடங்கும் அந்தக் கணத்தையே பரிமாற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். குழந்தையிடமிருந்து வரும் சிரை ரத்தத்தைத் தனிப் பையில் வடித்துவிட்டு, இயந்திரத்திலிருக்கும் கொடை ரத்தத்தை உள்ளே செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் குழந்தையின் உடலில் ஓடுவது பெரும்பாலும் வேறொருவர் தந்த ரத்தம். வடித்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவையும் தட்டணுக்களையும் பிரித்தெடுத்து, பின்னர் ரத்தக்கசிவை நிறுத்த அதே குழந்தைக்குத் திருப்பித் தருவதும் உண்டு.

எந்த ரத்தம் என்பது முக்கியம். ஏ, பி, ஓ, ஆர்எச் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பொருத்தினால் மட்டும் போதாது. ஆர்எச் குடும்பத்தின் சி, இ வகைகளையும் கெல் என்ற வகையையும் பொருத்தித் தருவது நல்ல வழக்கம். இல்லையேல் குழந்தையின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் அவ்வப்போது ரத்தம் தேவைப்படக் கூடிய ஒருவருக்கு, பொருந்தும் ரத்தமே கிடைக்காத நிலை அப்படித்தான் வருகிறது.

அடுத்தது குளிர். இங்கே வேதியியல் நம்மை வியக்க வைக்கிறது. சோதனைக் குழாயில் ஹீமோகுளோபின் எஸ் இழைகளைக் குளிர்வித்தால் அவை பின்னுவதில்லை, கலைந்து கரைகின்றன. குளிரில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. அப்படியானால் குளிர் நல்லதுதானே? உடலுக்குள் கதை மாறுகிறது. குளிரில் நுண்குழாய்கள் சுருங்கும், ரத்தம் தடிக்கும், ஓட்டம் மந்தமாகும். மீண்டும் சூடேற்றும்போது திசுக்கள் ஆக்சிஜனுக்குத் துடிக்கும். மந்தமாகிக் கிடக்கும் ரத்தத்திலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதுதான் அணுக்கள் வளைய நேரமும் காரணமும் கிடைக்கின்றன. அதனால் முடிந்தவரை உடலை இயல்பான வெப்பத்திலோ அதையொட்டியோ வைத்து அறுவை செய்வதும், குளிர் தவிர்க்க முடியாதபோது முதலில் எஸ் பங்கை வெகுவாகக் குறைத்துவிட்டுக் குளிர்விப்பதும், மெதுவாகச் சூடேற்றுவதும் வழக்கமாயின. இதயத்தை நிறுத்தும் குளிர்ந்த திரவத்தைச் செலுத்துமுன், இதயத்தின் சொந்தக் குழாய்களில் தங்கிய ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுவதும் இந்த யோசனையில் பிறந்ததே.

அறுவை முடிந்த பிறகு வலியை அடக்குவது கருணை மட்டுமல்ல, சிகிச்சையும்கூட. வலியில் குழந்தை ஆழ்ந்து மூச்சு விடாது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும். அங்கே ஆக்சிஜன் குறைந்து அணுக்கள் வளைந்தால், மார்பு நெருக்கடி என்னும் உயிராபத்தான நிலை உருவாகும். போதிய வலி நிவாரணி, கதகதப்பு, மூச்சுப் பயிற்சி, காய்ச்சலின் முதல் அறிகுறியிலேயே நடவடிக்கை ஆகிய எளிய காரியங்கள்தான் நுணுக்கமான அறுவையின் பலனைக் காக்கின்றன.

உறையாத ரத்தம்

ஹீமோஃபிலியா ஏ உள்ள சிறுவனின் மேலறைச் சுவரில் ஓட்டை இருந்தால் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. அவனுடைய ரத்தத்தில் எட்டாம் உறைவுக் காரணி இல்லை அல்லது மிகக் குறைவு. இயந்திரத்தில் இணைப்பதற்கு ரத்தம் உறையாமல் இருக்க வேண்டும் என்றால், ஹெப்பரின் இல்லாமலே அவனை இணைத்துவிடலாமே என்று தோன்றலாம். அது ஆபத்தான எண்ணம். அவனால் உறுதியான கட்டியை உருவாக்கி நிலைநிறுத்த முடியாதே தவிர, உறைவின் தொடக்கம் அவன் ரத்தத்திலும் நடக்கும். இயந்திரத்தின் பரந்த பிளாஸ்டிக் பரப்பு அதைத் தூண்டும்.

ஆகவே முதலில் எட்டாம் காரணியை ஏற்றி ரத்தத்தைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஓர் அலகு கொடுத்தால் அளவு நூற்றுக்கு இரண்டு ஏறும். 20 கிலோ சிறுவனுக்குப் பூச்சியத்திலிருந்து நூறுக்கு உயர்த்த 1,000 அலகு. பிறகு மற்றக் குழந்தைகளுக்குப் போலவே ஹெப்பரின்; அறுவை முடிந்ததும் அதன் வேலையை முறிக்கப் புரோட்டமின். இயந்திரத்தில் ரத்தம் நீர்த்திருக்கும், காரணியின் அரை ஆயுளும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்தான். எனவே உடனே அளந்து மறுபடி ஏற்ற வேண்டும், காயம் ஆறும்வரை பல நாட்கள் தொடர வேண்டும். ஏற்றிய காரணிக்கு எதிராக உடலில் ‘இன்ஹிபிட்டர்’ உருவாகியிருக்கிறதா என்பதை நாள் குறிப்பதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். தீவிர ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது உருவாகிறது. அவர்களுக்கு வழக்கமான அளவுகள் பலிக்காது.

புதிய மருந்து புதிய கவனத்தைக் கோருகிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப், எட்டாம் காரணியின் வேலையைத் தானே செய்யும் செயற்கை எதிர்ப்பொருள். தோலுக்கடியில் போடும் ஊசியால் எத்தனையோ சிறுவர்களின் மூட்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அறுவை அரங்கில் ஹெப்பரின் போதுமா என்று அறியச் செய்யும் ஏ.சி.டி என்ற உறைவு நேரச் சோதனையை அது ஏமாற்றிவிடும். நேரம் பொய்யாகக் குறைந்து காட்டும். அதை நம்பினால் தேவைக்கு மேல் ஹெப்பரின் கொடுத்துவிட நேரும். இந்த மருந்து எடுக்கும் குழந்தைக்கு ஹெப்பரினின் அளவை நேரடியாகக் கணிக்கும் சோதனைதான் துணை. மருந்து உடலில் பாதியாகக் குறையவே சுமார் நான்கு வாரம் ஆகும் என்பதால், கடைசி ஊசி எப்போது போட்டார்கள் என்பதைப் பெற்றோர் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

தொடை ரத்தக்குழாய் வழியாகச் சென்று ஓட்டையைச் சாதனம் கொண்டு அடைக்கும் முறை, நெஞ்சைத் திறப்பதையும் இயந்திரத்தையும் தவிர்க்கிறது. அரிவாள் செல் குழந்தைக்கு அது பெரும் நிம்மதி. ஆனால் சாதனத்தின் மீது திசு படரும் வரை, வழக்கமாகச் சில மாதங்கள், ஆஸ்பிரின் கொடுப்பார்கள். ரத்தக்கசிவு நோயுள்ள சிறுவனுக்கு அந்தச் சில மாதங்களையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது.

ரத்தம் ஏற்றியே வளரும் குழந்தைகள்

தலசீமியா மேஜர் உள்ள குழந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்கிறது. ஒவ்வொரு பை ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உடலுக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. இரும்பு நீக்கும் மருந்து ஒழுங்காகக் கிடைக்காவிட்டால் அது இதயத் தசையில் படியும். எக்கோவில் ஓட்டை மட்டுமே தெரியும், தசையில் படிந்த இரும்பு தெரியாது. அதை எம்.ஆர்.ஐ. கருவியின் டி2 ஸ்டார் அளவீடு காட்டும். 20 மில்லிநொடிக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது, 10-க்குக் கீழே போனால் இதயம் தளரும் அபாயம் மிகுதி. வளர்ந்த குழந்தையின் ஓட்டையை மூடத் திட்டமிடும்போது, முதலில் சில மாதம் இரும்பைக் குறைத்துவிட்டு அறுவைக்குப் போவது அறிவான வழியாகலாம்.

ஜி-6-பி-டி என்ற நொதிக் குறை உள்ள குழந்தைகள் வெளிப்பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருப்பார்கள். அறுவைக்குப் பிறகு நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்க நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்தால், சில சமயம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாறும். அதற்கு வழக்கமான மாற்று மருந்து மெதிலீன் புளூ. அதுவே இந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்களைக் கூட்டமாக உடைத்துவிடும். பெயர்ப்பலகையில் எழுதி வைக்க வேண்டிய எச்சரிக்கை இது.

இதயமே ரத்தத்தைக் கெடுக்கும்போது

1926-இல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லபிராண்ட், ஆலந்து தீவுக் குடும்பம் ஒன்றில் தலைமுறையாக வரும் ரத்தக்கசிவு நோயை விவரித்தார். காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும் நீண்ட புரதச் சரம் ஒன்று அவர்களிடம் குறைந்திருந்தது. அந்தப் புரதத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

அந்தச் சரத்தைப் பிறவியிலேயே முழுதாகப் பெற்ற குழந்தையும் அதை இழக்கக்கூடும். குறுகிய வால்வு வழியாகவோ கீழறை ஓட்டை வழியாகவோ ரத்தம் பீறிட்டுப் பாயும்போது, சுருண்டிருக்கும் சரங்கள் இழுபட்டு நீள்கின்றன. நீண்ட சரத்தை வெட்டும் நொதி ஒன்று ரத்தத்தில் எப்போதும் இருக்கிறது. மிக நீளமான, மிகப் பயனுள்ள சரங்கள் முதலில் வெட்டுப்படுகின்றன. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் இந்தக் குழந்தைக்குப் பரம்பரை நோய் எதுவும் இல்லை. இதயம்தான் அதன் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. பீறிடலை நிறுத்தினால் நீளமான சரங்கள் மீண்டும் சேரும், கசிவும் நிற்கும். பரம்பரை நோயானால் அறுவைக்கு முன் காரணி ஏற்ற வேண்டும். இதயத்தால் வந்ததானால் அறுவையே மருந்து. குடும்ப வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டறிவதும் சரியான சோதனையும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும்.

இரண்டுக்கும் ஒரே காரணம்

சில குழந்தைகளிடம் இரண்டு குறைகளும் தற்செயலாகச் சேர்வதில்லை. கருவில் இதயமும் ரத்த அணுக்களும் ஒரே திசுப்படலத்திலிருந்து தோன்றுகின்றன. ஒரு மரபணுப் பிழை இரண்டையும் தொடலாம். சிவப்பணு உற்பத்தி தடைபடும் டைமண்ட் பிளாக்ஃபேன் ரத்தசோகையில் இதயச் சுவர் ஓட்டைகளும் காணப்படுகின்றன. ஃபான்கோனி ரத்தசோகையில் டி.என்.ஏ.வைச் செப்பனிடும் திறன் குறைவு. அந்தக் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே கதிர்களை மிகக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். முன்கை எலும்பு இல்லாமலும் தட்டணு குறைந்தும் பிறக்கும் குழந்தைகளில், முதல் வயது கடந்ததும் தட்டணுக்கள் கூடுவது வழக்கம்; அவசரமில்லாத இதய அறுவையை அதுவரை தள்ளிவைத்தால் ரத்தக்கசிவு குறையும்.

22-ஆம் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்ட குழந்தைகள் இதய அறுவைப் பிரிவுகளுக்கு நன்கு பழக்கமானவர்கள். டெட்ராலஜி, மகாதமனி வளைவு அறுபட்ட நிலை போன்றவை அவர்களிடம் அதிகம். விடுபட்ட துண்டில் தட்டணுவின் மேற்பரப்புப் புரதம் ஒன்றுக்கான மரபணுவும் போய்விடுவதால் தட்டணுக்கள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைந்தும் இருக்கும். தைமஸ் சுரப்பி சரியாக வளராததால் நோயெதிர்ப்பு அணுக்கள் குறைவு. கொடை ரத்தத்தில் வரும் வெள்ளணுக்கள் குழந்தையைத் தாக்காமலிருக்க, கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம் வேண்டும். கால்சியமும் குறைவு, கொடை ரத்தத்தைக் காக்கும் சிட்ரேட் அந்தக் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு மரபணுச் சோதனை முடிவு, ரத்த வங்கிக்குப் போகும் சீட்டையே மாற்றி எழுத வைக்கிறது.

பரிசோதனைகள் சந்திக்க வேண்டும்

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டத்தில், பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்லும் மருத்துவக் குழுக்கள் பிறவி இதயக் குறைகளைத் தேடுகின்றன. 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிக்க முனைந்திருக்கிறது. இரண்டும் பெரும் பணிகள். ஆனால் இரண்டின் பதிவேடுகளும் ஒரே குழந்தையின் கோப்பில் சேர்ந்தால்தான் அறுவை அரங்குக்குப் பயன்படும். நீலகிரியின் கூடலூரிலிருந்து கோவைக்கோ சென்னைக்கோ அறுவைக்கு வரும் குழந்தை, தன் ரத்தத்தின் செய்தியையும் கூடவே கொண்டுவர வேண்டும். அரிவாள் செல் மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் வழக்கமான கவனத்துடனே இதய அறுவையைத் தாண்டிவிடுகிறார்கள் என்றாலும், அவர்களைப் பற்றியும் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இன்று மரபணுவைத் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்குக் கிரிஸ்பர் முறையிலான மருந்தை 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதித்தன. எலும்பு மஜ்ஜை மாற்றமும் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் முன் கொடுக்கும் கடுமையான மருந்துகளைத் தாங்க இதயம் வலுவாக இருக்க வேண்டும். எனவே பெரும்பாலும் ஓட்டையை முதலில் மூட வேண்டியிருக்கும். அந்த நாளில் பழைய ரத்தத்தோடுதான் குழந்தை மேசைக்கு வரும்.

ஆகவே நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எளிய கருவியைத் தவறாமல் பயன்படுத்துவதே இப்போதைக்கு அதிக உயிர்களைக் காக்கும். அரிவாள் செல் நோய் பரவலாக உள்ள பகுதிகளிலிருந்து வரும், அல்லது காரணம் புரியாத ரத்தசோகை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இதய அறுவைக்கு முன் எச்.பி.எல்.சி என்ற ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் கரைதிறன் சோதனை மட்டும் போதாது; எஸ் குறைவாக இருப்பதால் அது தவறிவிடக்கூடும். ரத்தம் ஏற்றிவிட்டாலோ, கொடையாளரின் அணுக்கள் மாதக்கணக்கில் குழந்தையின் உடலில் சுற்றி வந்து முடிவைக் குழப்பும். அதனால் பெற்றோரும் செவிலியரும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: சோதனைக்கு ஓரிரு மில்லி ரத்தம் போதும், ஆனால் அதை முதல் பை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.